விலைக்குத் தகுமா?

ஜூன் 2

'அலமாரி' இணைய இதழில் நான் எழுதும் 'விலைக்குத் தகுமா?' பகுதிக்கு இந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது. ஆசிரியர் மெஹருன்னிசா சென்னையிலிருந்து கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லிவிட்டு உடனே வேலை விஷயத்துக்கு வந்தார்.

"சார், போன தடவ அந்த நாப்பத்தொன்பது ரூபா நாவல நொறுக்கிட்டீங்க. அந்த ஆளு என்னையும் சேத்து பிளாக் பண்ணிட்டாரு. இந்தத் தடவ பெரிய மீனா ஒண்ணு எடுங்களேன்."

"எவ்வளவு பெருசு?"

"எழுநூத்தி இருபது ரூபா."

ஒரு மின்னூலுக்கு எழுநூற்று இருபது. காகிதம் இல்லை, மை இல்லை, அட்டை இல்லை, லாரி வாடகை இல்லை. நூலின் பெயர் 'கரையோரக் கப்பல் கணக்கு'. எழுதியவர் மறைந்த பேராசிரியர் கு. தில்லைவனம். சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் என்ன ஏறியது, என்ன இறங்கியது என்ற வரலாறு. அச்சில் கிடைப்பதில்லை. காரைக்காலில் உள்ள 'தோணித்துறை மின்னூல்' என்ற நிறுவனம் இப்போது வெளியிட்டிருக்கிறது. நாகையிலும் மயிலாடுதுறையிலும் நிருபராக இருந்தவன் நான். துறைமுகச் செய்தி எனக்குப் பழக்கம். எடுத்துக்கொண்டேன்.

என் விதிகள் மாறவில்லை. நூலைக் காசு கொடுத்து வாங்குவேன். மின்னூல் கடையில் இலவசமாகக் காட்டும் முதல் பக்கங்களை வைத்து எழுத மாட்டேன். அந்தப் பக்கங்களை எல்லோரும் இஸ்திரி போட்டுத்தான் வைத்திருப்பார்கள். கடைசி வரி வரை படித்த பிறகே தீர்ப்பு. தகும், குறைத்தால் தகும், தகாது. மூன்றில் ஒன்று. வாசகர்கள் இந்தத் தீர்ப்பை நம்பி வாங்குகிறார்கள், விடுகிறார்கள். இந்தப் பகுதிக்கு மூலதனம் என்று இருப்பது என் சொல் மட்டும்தான்.

ஜூன் 4

நூல் இறங்கிவிட்டது. என் மனைவி மங்கைக்குத் தரங்கம்பாடி பிறந்த ஊர். தன் ஊரைப் பற்றி ஓர் இயல் இருக்கிறது என்றதும் அவளும் தன் பழைய மின்னூல் ரீடரில் இறக்கிக்கொண்டாள். கடையில் இருவருக்கும் ஒரே கணக்குதான், தனியாக வாங்க வேண்டாம்.

கூடத்துக் குழல்விளக்கை மாற்றினேன். புதியதும் மங்கல்தான். கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தால், "சார், இதவிட வெளிச்சம் வேணும்னா கோயில் திருவிழாவுக்குப் போடுறதத்தான் போடணும்" என்கிறான்.

ஜூன் 6

தில்லைவனத்தின் நடை நன்றாக இருக்கிறது. ஒரு தகவலைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நகர்வதில்லை. நிருபராக வந்திருக்க வேண்டிய மனிதர்.

வாசிப்பு மெதுவாகத்தான் போகிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேன், திரையில் சில வரிகள்தான் நிற்கின்றன. இந்த ரீடரின் திரை முன்பு போல் இல்லை. இப்போது வருகிற சாமான் எல்லாமே அப்படித்தான்.

காலையில் பாலை ஊற்றும்போது பாதி மேடையில் போயிற்று. டம்ளர் சின்னது. ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை. மங்கையைக் கேட்டால், "எங்கயாவது வச்சிருப்பீங்க. நடந்துதான் போங்களேன், சர்க்கரைக்கு நல்லது" என்கிறாள். நடந்தே போனேன்.

ஜூன் 8

பிடித்துவிட்டேன்.

ஒன்பதாவது இயல் நாகூர். அதை முடித்துவிட்டுப் பத்தாவது இயலுக்குப் போனால் தலைப்பு மட்டும் 'திருமலைராயன்பட்டினம்'. உள்ளே மறுபடியும் நாகூர். அதே முதல் வாக்கியம், அதே கடைசி வாக்கியம். பத்தாவது இயல் நூலிலேயே இல்லை. ஒன்பதையே இரண்டு முறை வைத்துத் தைத்திருக்கிறார்கள். வெளியிட்டவர்கள் ஒருமுறை கூடத் திறந்து பார்க்கவில்லை. எழுநூற்று இருபது ரூபாய்!

பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பழைய படபடப்பு. துறைமுக குடோனில் மூட்டைகள் குறைவதை முதன்முதலில் கண்டுபிடித்த நாளில் வந்தது. மங்கையிடம் சொன்னேன். "அதுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்?" என்றாள்.

ஜூன் 9

பின்னிணைப்பு முழுக்க அட்டவணைகள். எந்தத் துறைமுகம், எந்த ஆண்டு, எத்தனை கலம் நெல், எத்தனை கட்டுத் துணி. ஆய்வாளர்களுக்கு இந்த நூலின் உயிரே அதுதான்.

மிக மோசமான வடிவமைப்பு. அட்டவணைக் கோடுகள் நெளிந்து கிடக்கின்றன. பழைய புத்தகத்தைச் சரியாக விரிக்காமல் ஸ்கேன் செய்தால் முதுகுப் பக்கம் வளையுமே, அதைப் போல. சில எண்களின் நடுப்பகுதி அழிந்திருக்கிறது. 3 எது, 8 எது என்று சொல்ல முடியவில்லை. தரங்கம்பாடி அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். கீழே போட்டிருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாம் முறை கூட்டினால் வேறு ஒரு தொகை வருகிறது. பிழையான நூல்.

ஜூன் 11

கட்டுரையை அனுப்பிவிட்டேன். கடைசிப் பத்தியை இங்கும் எழுதி வைக்கிறேன்:

'ஓர் இயலையே காணவில்லை என்பதைக் கூட மன்னிக்கலாம், அது கண்ணுக்குத் தெரியும் குறை. அட்டவணைகள் தெரியாத குறை. நெளிந்த கோடுகளுக்குள் குழம்பிய எண்கள். இந்த நூலின் எண்களை எந்த ஆய்வாளரும் நம்ப வேண்டாம். தகாது.'

மெஹருன்னிசா கூப்பிட்டார். "சார், கட்டுரை தீ மாதிரி இருக்கு. ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறீங்களா?"

"எதுக்கும்மா?"

"யாராவது கேட்டா காட்டலாம்ல."

"புத்தகம் வித்துக்கிட்டு இருக்கு. கேக்கறவன் வாங்கிப் பாத்துக்கட்டும். முப்பத்தாறு வருஷம் நான் எழுதினதுக்கு யாரும் போட்டோ கேட்டதில்ல."

"அது சரி சார்," என்றார். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 14

கட்டுரை வெளிவந்தது. காலையிலிருந்து பின்னூட்டங்கள். 'பகல் கொள்ளை', 'ஐயாவின் பேனா கத்தி', இன்னும் இப்படி. நூலுக்குக் கடையில் ஐந்து நட்சத்திரம் இருந்தது, மாலைக்குள் மூன்றுக்கு வந்துவிட்டது. சிலிண்டர் வந்தது. மாதாந்திர மாத்திரைகளும் வாங்கியாயிற்று.

ஜூன் 16

திருச்சியில் ஒரு கல்லூரி நூலகம் இந்த நூலை மாணவர் அனைவரும் படிக்கும்படி மொத்த உரிமத்தில் வாங்குவதாக இருந்ததாம். என் கட்டுரையைப் படித்து நிறுத்திவிட்டார்கள். நூலகரே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்: 'எண்களை நம்ப வேண்டாம் என்ற வரிதான் எங்களைக் காப்பாற்றியது. நன்றி.'

ஜூன் 18

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: 'பத்தாவது இயல் என் பிரதியில் இருக்கிறதே? அட்டவணைகளும் ஜோராக இருக்கின்றன. ஐயா கண்ணாடியை மாற்றவும்.' அதற்குக் கீழே இன்னும் ஆறேழு பேர் அதையே. சிரிக்கும் பொம்மைகள் வேறு.

என் ரீடரைத் திறந்தேன்.

இருக்கிறது. பத்தாவது இயல், திருமலைராயன்பட்டினம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை.

ஜூன் 19

நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் பார்த்தது என்ன? நாகூர் இயலை இரண்டு முறை படித்தேன். படித்தேனா? முன்னால் போக வேண்டிய விரல் பின்னால் போய், நானே ஒன்பதுக்குத் திரும்பிவிட்டேனா? காலை முழுவதும் இதே யோசனை. மோட்டார் போட்டு மறந்து, தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு வாசல் வரை தண்ணீர்.

கடையின் உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எதையோ பார்த்துப் படிப்பது போலப் பேசினார்.

"சார், உங்க நூலோட புதிய கோப்பு பதினஞ்சாம் தேதி அப்டேட் ஆகியிருக்கு சார். உங்க கருவியில தானா மாறிடும் சார்."

"மாறிடுமா? நான் வாங்கின புத்தகம் மாறிடுமா?"

"ஆமா சார், இலவசம் சார்."

"பழையது?"

"பழையது எங்ககிட்ட இருக்காது சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

கட்டுரை வந்த மறுநாள் பதினைந்தாம் தேதி. ஓசைப்படாமல் கோப்பை மாற்றியிருக்கிறார்கள். அச்சுப் புத்தகம் என்றால் விற்ற பிழை விற்றதுதான், பொட்டலம் மடிக்கிற கடையில் கிடந்தாலும் சாட்சி சொல்லும். இங்கே விற்றவன் என் வீட்டுக்குள் புகுந்து, அலமாரியில் இருக்கும் புத்தகத்தில் தாளைச் சொருகிவிட்டுப் போகலாம். நான் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கலாம்.

இதைத்தான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் கேட்டபோது.

ஜூன் 20

தோணித்துறை மின்னூலிலிருந்து போன். நிறுவனம் என்று நினைத்திருந்தேன், ஒரே ஒரு பெண்தான். பெயர் பிரிசில்லா.

"சார், நீங்க பெரியவரு. கேக்கறேன், சொல்லுங்க. எந்த அட்டவணையில எந்த எண்ணு தப்பு?"

"முதல்ல பத்தாவது இயல் எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

"அது இருக்கே."

"இப்ப இருக்கு. பதினஞ்சாம் தேதிக்கு முன்னாடி?"

பின்னால் எங்கோ மீன் வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது.

"நான் அட்டவணையப் பத்திக் கேக்கறேன் சார். அந்த ஒரு வரியில காலேஜ் ஆர்டர் போச்சு. எந்த எண்ணு தப்பு? ஒரே ஒரு எண்ணச் சொல்லுங்க."

"எல்லாமே குழப்பம்."

"எல்லாமேன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் சார்," என்று வைத்துவிட்டார்.

கெட்டிக்காரி. நான் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை.

ஜூன் 21

வக்கீல் நோட்டீஸ். எனக்கும் 'அலமாரி'க்கும். பொய்யான தகவல், வியாபார இழப்பு, பத்து நாளுக்குள் கட்டுரையை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மெஹருன்னிசாவின் குரல் இறங்கியிருந்தது. "சார், நான் ஒருத்தி வீட்ல உக்காந்து நடத்துற பத்திரிகை. கேஸு கோர்ட்டுன்னு போனா மூடிட்டுப் போக வேண்டியதுதான். எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சத்தியமா?"

முப்பத்தாறு வருடத்தில் எந்த ஆசிரியரும் என்னிடம் கேட்காத சொல்.

ஜூன் 22

மங்கையின் ரீடர்!

மத்தியானம் அவள் தொடர்கதை இறக்குவதற்காக ரீடரைக் கையில் எடுத்துக்கொண்டு, "வைஃபை ரகசிய எண் என்னங்க?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சார்ஜ் நிற்பதில்லை என்று அவள் அதில் வைஃபையை எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள். நூலை இறக்கிய பிறகு இணைக்கவே இல்லை.

"தொடாத! கீழ வை!"

"ஐயய்யோ, என்ன, பாம்பா?"

"இணைச்சா போச்சு. புத்தகம் மாறிடும்."

பிடுங்கியதில் அவள் வளையல் என் விரலைக் கீறிவிட்டது. பரவாயில்லை. நூல் அதில் இருக்கிறது, நான்காம் தேதி இறங்கிய கோப்பு. பேட்டரி கடைசிக் கோட்டில். சார்ஜில் போட்டு, வீட்டு மோடத்தையே அணைத்துவிட்டேன்.

ஜூன் 23

மங்கைதான் திறந்தாள். அதன் எழுத்தைப் பெரிதாக்கும் வழி எனக்குப் பிடிபடவில்லை, பழைய மாடல்.

பத்தாவது இயல்: தலைப்பு திருமலைராயன்பட்டினம், உள்ளே நாகூர். நான் பார்த்தது சரி. நான் பார்த்தது சரி. மங்கை தன் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாள்.

பிறகு அட்டவணைகள். தரங்கம்பாடியைத் திறக்கச் சொன்னேன்.

"கோடு எப்படி நெளிஞ்சிருக்கு பாத்தியா? அதையும் எடு."

"எந்தக் கோடு?"

"எல்லாக் கோடும்தான்."

அவள் ரீடரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நேராத்தானங்க இருக்கு."

"சரி, எண்ணைப் படி."

படித்தாள். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தவள், நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். நான் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். கூட்டிப் பார்த்தாள். நூலில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போகிறது. நாகப்பட்டினமும் ஒத்துப்போகிறது. பரங்கிப்பேட்டையும்.

"தப்பே இல்லீங்களே," என்றாள்.

மத்தியான வெயில் திரையில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியும் பழையது. அந்த வெளிச்சத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜூன் 24

மங்கை சரியாகப் பேசவில்லை. மெஹருன்னிசாவுக்குப் பத்தாவது இயல் படங்களை மட்டும் அனுப்பினேன். தோசைக்கு அரைத்தோம்.

ஜூன் 25

ஸ்கூட்டர் சாவி மங்கையின் கைப்பையில்தான் இருந்திருக்கிறது. கும்பகோணம் போக பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது வெளியே விழுந்தது. அவள் மறைக்கவில்லை. "மார்ச்சுலேர்ந்து எங்கிட்டதான் இருக்கு" என்றாள். நான் காரணம் கேட்கவில்லை.

மங்கை கூட்டிப்போன கண் மருத்துவமனையில் கூட்டம். டாக்டர் இளம்பெண், என் கடைசி மகள் வயது இருக்கும். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் அட்டையைக் கொடுத்தார். வெள்ளைத் தாளில் கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி.

"இடது கண்ண மூடிக்குங்க அய்யா. புள்ளியப் பாருங்க. கோடெல்லாம் எப்படித் தெரியுது?"

"அச்சு சரியில்ல டாக்டர். நடுவுல நெளிஞ்சிருக்கு. புள்ளிக்கிட்ட அழிஞ்சும் போயிருக்கு."

டாக்டர் மங்கையைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து ஓர் அடிக்கோலை எடுத்து, அட்டையின் ஒரு கோட்டின் மேல் வைத்து, என் விரலைப் பிடித்து அதன் ஓரமாக நகர்த்தினார். விரல் நேராகப் போயிற்று. கண்ணுக்கு முன்னால் அது வளைந்து போயிற்று.

சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதாம். ஊசி போட வேண்டும், கண்ணுக்குள்ளேயே. மேலும் கெடாமல் நிறுத்தலாம், போனதில் கொஞ்சம் திரும்பலாம், எல்லாமும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். நேர்மையான பெண்.

திரும்பும்போது பஸ்ஸின் பெயர்ப்பலகையை மங்கை படித்துச் சொன்னாள். எத்தனை நாளாக அவள்தான் படித்துச் சொல்கிறாள் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஜூன் 26

காலையிலேயே மெஹருன்னிசா. குரலில் கொண்டாட்டம்.

"சார்! ஜெயிச்சுட்டோம்! படத்த எங்க வக்கீல்கிட்ட காட்டிட்டேன். அவங்க கோப்ப மாத்தினதுக்கு இதவிட ஆதாரம் வேண்டாமாம். இன்னைக்கே போட்டுடறேன். கிண்டல் பண்ணினவங்க எல்லாம் வாய மூடணும்."

"அட்டவணை?"

"அதையும் அவங்கதான் மாத்தியிருப்பாங்க. ஒண்ண மாத்தினவங்க இன்னொண்ண மாத்த மாட்டாங்களா? யாரு சார் நம்பாம இருப்பாங்க?"

யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். அதுதான் விஷயம். பழைய கோப்பு இந்த உலகத்தில் என் கைக்கு எட்டியவரை ஒரே ஒரு ரீடரில் இருக்கிறது. அதை இணைத்துவிட்டால் அதுவும் இல்லை. அட்டவணைகளும் அன்று அப்படித்தான் இருந்தன என்று நான் சொன்னால் மறுக்க ஆளில்லை. என் பெயர் நிற்கும், பகுதி நிற்கும், 'அலமாரி'யும் நிற்கும். காரைக்கால்காரி கோப்பை மாற்றிய கள்ளியாகவே இருந்துவிட்டுப் போவாள். அவள் மாற்றியதும் உண்மைதானே.

"ஒரு நாள் பொறும்மா," என்றேன்.

"ஏன் சார்?"

"சொல்றேன்."

மங்கை அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் நின்றிருந்தது.

ஜூன் 27

காரைக்கால் போனோம், மங்கையும் நானும். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரு கணினி, ஒரு தையல் இயந்திரம், சுவரில் மாதா படம். பிரிசில்லாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. மங்கையைப் பார்த்த பிறகுதான், "உக்காருங்கக்கா" என்றார். மங்கை உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"வக்கீலோட வருவீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"உங்க வக்கீல் நோட்டீஸ் பலமா இருந்துச்சு."

"எங்க அண்ணன்தான். ஃபீஸ் கிடையாது. அதான் கோவம் வந்த அன்னைக்கே அடிச்சு அனுப்பிட்டான். காசு குடுக்கற வக்கீலா இருந்தா நாலு நாள் யோசிச்சிருப்பேன்."

மங்கை சிரித்துவிட்டாள். பிரிசில்லா சிரிக்கவில்லை. நான் பழைய ரீடரை மேசையில் வைத்துப் பத்தாவது இயலைத் திறக்கச் சொன்னேன். பார்த்தார். முகம் வெளுத்தது.

"இது எப்படி உங்ககிட்ட..."

"இருக்கு. ஏன் மறைச்சீங்க?"

"மறைக்காம? தப்ப ஒத்துக்கிட்டா கடையில புத்தகத்து மேல 'தரக் குறை'ன்னு மஞ்சள் பட்டை ஒட்டிடுவான் சார். ஒட்டினா மூணு மாசத்துக்குப் போகாது. பட்டை உள்ள புத்தகத்த எந்த லைப்ரரியும் தொடாது. ஒம்போதாவது ஃபைல ரெண்டு தடவ ஏத்திட்டேன், கவனிக்கல. உங்க கட்டுரை வந்துதான் எனக்கே தெரியும். அன்னைக்கே சரி பண்ணிட்டேன். அழுதுட்டேதான் பண்ணினேன். ஆனா அட்டவணை?" குரல் உயர்ந்தது. "எட்டு மாசம் சார். ஸ்கேன் பண்ணி அப்படியே ஒட்டியிருக்கலாம், எல்லாரும் அதத்தான் செய்யறான். நான் ஒவ்வொரு எண்ணையும் கையால அடிச்சேன். அடிச்சிட்டு, எங்க அம்மா மூலத்தப் படிக்கப் படிக்கச் சரிபாத்தேன். அந்த எழுநூத்தி இருபது அதுக்குத்தான். அத நம்ப வேண்டாம்னு எழுதினீங்களே, எந்த எண்ணு தப்பு?"

"எதுவும் தப்பில்ல."

"என்ன?"

"எதுவும் தப்பில்லம்மா. என் கண்ணு சரியில்ல. முந்தாநாள்தான் தெரிஞ்சது."

அவர் என் கண்ணைப் பார்த்தார், பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியது போல. பிறகு மங்கையைப் பார்த்தார். மங்கை தலையாட்டினாள்.

கோபம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. "கண்ணு தெரியலன்னா ஏன் சார் தீர்ப்பு சொல்றீங்க?" என்றார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். என் பிழையை முதலில், தலைப்பிலேயே எழுதுகிறேன். பத்தாவது இயல் இல்லாமல் விற்றதையும் எழுதத்தான் வேண்டும், அது உண்மை. பழைய பிரதி வாங்கியவர்களுக்கு அவரே சொல்லிவிட்டால் அதையும் சேர்த்து எழுதுவேன்.

"பட்டை ஒட்டிடுவான் சார்."

"ஒட்டுவான்."

"காலேஜ் வாங்காது."

"எண் சரின்னு அவங்களுக்கு நானே எழுதறேன். வாங்கறதும் வாங்காததும் அவங்க இஷ்டம். வேற எதுவும் என்னால முடியாது."

பிரிசில்லா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க வராம இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் நல்லாருந்திருக்கும்," என்றார். பிறகு கீழே இறங்கிப் போய் மங்கைக்கு மட்டும் டீ வாங்கி வந்தார். மங்கை அதில் பாதியை எனக்கு ஊற்றினாள்.

ஜூன் 28

மெஹருன்னிசாவிடம் சொன்னேன். "நம்மள கிழிப்பாங்க சார்," என்றார். "கிழிக்கட்டும். ஆனா போடுவேன். எழுதி அனுப்புங்க."

நாளை ஊசி.

ஜூன் 30

இது மங்கையர்க்கரசி எழுதுவது. அவருக்குக் கண்ணில் கட்டு. இன்று கட்டுரை போக வேண்டும், அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாள்குறிப்பையும் விட்டுவிடாதே என்றார். நான் இதை இதுவரை திறந்ததில்லை. இன்றும் இந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறேன்.

கட்டுரைக்குத் தலைப்பு: 'நான் தவறாகப் பார்த்தேன்'. அட்டவணைகளைப் பற்றி எழுதியது முழுவதும் பொய்யாகிவிட்டது, அது தன் கண்ணின் குறை, நூலின் குறை அல்ல என்று முதல் வரியிலேயே வைத்தார். 'குறை' என்ற இடத்தில் 'சிறு குறை' என்றார், பிறகு 'சிறு'வை எடுக்கச் சொன்னார். பத்தாவது இயல் விஷயம் அதற்குப் பிறகு. காலையில் பிரிசில்லாவிடமிருந்து அறிவிப்பு வந்துவிட்டது, நாங்கள் வாங்கிய கணக்குக்கும். பழைய பிரதியில் ஓர் இயல் விடுபட்டது, மன்னிக்கவும் என்று. கடையில் பார்த்தேன், மஞ்சள் பட்டை ஒட்டியாயிற்று. கல்லூரிக்கு இவர் சொன்ன கடிதத்தையும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

கடைசியில் தீர்ப்பு.

"தகும்னு போடு," என்றார்.

"நீங்க படிச்சீங்களா?"

கண்கட்டைத் தடவினார்.

நான் படித்திருக்கிறேன். எங்கள் ஊர் இயலுக்காக ஆரம்பித்து, இந்த மூன்று வாரத்தில் முழுவதும் முடித்துவிட்டேன். அட்டவணைகளையும், அவர் ரீடரில் புதிதாக வந்த பத்தாவது இயலையும். அதைச் சொன்னேன்.

"அப்ப நீ சொல்லு. தகுமா?"

"நல்ல புத்தகம். அந்தப் பொண்ணு ஒழச்சிருக்கு. ஆனா வரைபடம் ஒண்ணுகூட இல்ல. எந்த ஊரு எங்க இருக்குன்னு தெரியாதவங்க திண்டாடுவாங்க. எழுநூத்தி இருபது ஜாஸ்திங்க. ஐந்நூறுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அவ இன்னும் திட்டுவா."

"திட்டட்டும். எனக்கு டீ வாங்கிக் குடுத்தவதான்."

"குறைத்தால் தகும். காரணத்தையும் எழுது."

வரைபடத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். படித்துக் காட்டினேன்.

"கீழ யார் பேர் போட்டிருக்க?"

"உங்க பேருதான்."

"கண் விஷயம் முடியற எடத்துல என் பேர போட்டு நிறுத்து. தீர்ப்புக்குக் கீழ படிச்சவ பேரு இருக்கணும்."

போட்டேன். முழுப் பெயரையும் போடச் சொன்னார்.